ரெசலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு: 385 கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

கனடாவின் நுனாவுட் பகுதியில் ரெசலூட் பே விமான நிலையத்திலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு நேர்கோட்டில் சுமார் 385 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று ஜெட் வேகத்தில் வகுத்தால் அரை மணி நேரம்கூட வராது. ஆனால் அந்த வழியில் ஜெட் எதுவும் பறப்பதில்லை. இரண்டு புரொப்பெல்லர் கொண்ட ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம்தான் போகிறது, அதன் வேகம் மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர், ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், எதிர்க்காற்று பலமாக இருந்தால் இன்னும் கூடும்.

ரெசலூட்டில் நீளமான சரளைக்கல் ஓடுபாதை இருக்கிறது. மூக்குச் சக்கரத்தில் கல் தடுப்பு பொருத்திய பழைய போயிங் 737-200 விமானங்கள் அங்கே இறங்கியிருக்கின்றன. கிரீஸ் ஃபியோர்டில் அதற்கு வழியே இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் 600 மீட்டர்கூட இல்லாத சரளைப் பாதை. மேகம் தாழ்ந்தாலோ காற்று திசை மாறினாலோ விமானம் வராது. நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

வரைபடத்தில் பார்த்தால் இந்த இரண்டு ஊரும் ரொம்பத் தள்ளித் தெரியும். நாம் வழக்கமாகப் பார்க்கும் தட்டையான வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துக் காட்டுகிறது, 75 பாகை அட்சரேகையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் இங்கே வெறும் 29 கிலோமீட்டர்தான். அதனால் கண்ணால் மதிப்பிடாமல் உருண்டைக் கணக்கில்தான் தூரம் பார்க்க வேண்டும். திசையும் அப்படித்தான். காந்த துருவத்துக்குப் பக்கம் என்பதால் காந்த முள்ளை நம்ப முடியாது, எனவே வட கனடாவில் ஓடுபாதைகளுக்கு உண்மை வடக்கை, அதாவது புவியியல் வட துருவம் இருக்கும் திசையை வைத்தே திசை எண் கொடுக்கிறார்கள். திசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2011 ஆகஸ்ட் மாதம் ரெசலூட்டில் இறங்க வந்த ஒரு 737 பாதை விலகி மலையில் மோதி 12 பேர் இறந்தார்கள்.

எனக்கு இந்த வழித்தடம் முக்கியமாகப் படுவதற்குக் காரணம் அங்கே வாழும் மக்கள். 1953-இல் கனடா அரசு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் என்ற ஆர்க்டிக் பழங்குடிக் குடும்பங்களைக் கப்பலேற்றி, அவர்கள் அதுவரை பார்த்தே இராத இந்தத் தொலைவடக்கில் கொண்டுவந்து விட்டது. இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010-இல்தான். இன்று கிரீஸ் ஃபியோர்டில் சுமார் 150 பேர் இருக்கிறார்கள். சாலை கிடையாது, சரக்குக் கப்பல் கோடையில் வந்தால் உண்டு. பிரசவம், அறுவைச் சிகிச்சை என்றால் இந்த ட்வின் ஆட்டரில் ரெசலூட் வந்து, அங்கிருந்து இன்னும் 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட் போக வேண்டும். அரசு கொண்டுபோய் வைத்த ஊருக்கு மோசமான வானிலையிலும் இறங்கக்கூடிய ஒரு ஓடுபாதையை அமைத்துத் தருவது அதே அரசின் கடமை என்றே நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: ரெசலூட்டில் அடுத்த விமானத்தை அதே நாளில் பிடிப்பதுபோல் டிக்கெட் போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள், தங்கும் அறையையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.