வயிற்றில் பட்டியோடு ஊருக்கு வருபவர்களுக்கும், புதிதாகப் போட நினைப்பவர்களுக்கும்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்க, கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்தும் வந்திறங்குகிற சொந்தங்களில் ஒருசிலரின் வயிற்றுக்குள், நிறை குறைக்கவென்று இரைப்பையைச் சுற்றிப் போட்ட ஒரு சிலிக்கன் பட்டி இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் போட்டவர்களே அதிகம். வீட்டில் கேட்டால் "வயித்தைச் சின்னனாக்கிற ஒப்பரேசன்" என்பார்கள். அது அரைவாசிதான் சரி. இதில் இரைப்பையின் ஒரு துண்டையும் வெட்டி எடுப்பதில்லை, குடலைத் திருப்பி இணைப்பதுமில்லை. ஒப்பரேசன் சின்னதுதான். அதற்குப் பிறகு பட்டியை இறுக்குவதும் தளர்த்துவதும்தான் உண்மையான வைத்தியம். அதைச் செய்ய ஆள் இல்லாத இடத்தில் பட்டி வெறும் பிளாஸ்டிக், சிலவேளை ஆபத்தான பிளாஸ்டிக்.

பட்டிக்கு மூன்று பாகம். முதலாவது வளையம். அதன் வெளிப்பக்கம் கெட்டியான சிலிக்கன், உட்பக்கம் ஊதக்கூடிய மெல்லிய பை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையைச் சுற்றி இதைப் பூட்டுவார்கள். வளையத்துக்கு மேலே மிஞ்சுகிற இடம் 15 முதல் 30 மில்லிலீற்றர், இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய ரியூப் வரும். அதன் மறுமுனையில் இருப்பது போர்ட். பெரிய நாணயக் குற்றி அளவான இதன் நடுவில் சிலிக்கன் மூடி இருக்கும். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், வயிற்றுத் தசையின் உறையோடு இதைத் தைத்துவிடுவார்கள். அந்த மூடிக்கூடாக ஊசி போட்டு சேலைன் ஏற்றினால் பட்டி இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும்.

மேலே உள்ள சின்னப் பை நிரம்புவதால் வயிறு நிறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரியாக இறுக்கிய பட்டியில் அந்தப் பையில் சாப்பாடு தங்கி நிற்பதே இல்லை. ஒரு வாய் சாப்பாடு பட்டியைக் கடக்க, உணவுக்குழாய் இரண்டு முதல் ஆறு தடவை வரை அதை அமுக்கித் தள்ள வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நிமிடம் வரை பிடிக்கும். அந்த அமுக்கம் இரைப்பையின் மேற்பகுதி நரம்புகளைத் தூண்டி, "போதும்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. முதல் வாய் கடக்க முன் இரண்டாவது வாய் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்குப்படும், நெஞ்சு அடைக்கும், வாயில் எச்சில் ஊறும், கடைசியில் எல்லாம் மேலே வரும்.

ஊசியால் சரிசெய்யக்கூடிய பட்டியை லுபோமிர் குஸ்மாக் 1986 இல் அறிமுகப்படுத்தினார். பெல்ஜியத்தில் மிதிகு பெலாஷூ 1993 இல் அதைக் கமரா வழியாக, வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் போட்டார். 2001 இல் அமெரிக்க அனுமதி கிடைத்தபின் பத்து வருடம் அதற்கு ஒரே கிராக்கி.

ஒப்பரேசனுக்கு முன் ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு, நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் சாப்பிடச் சொல்வார்கள். நிறையைக் குறைக்க அல்ல. கொழுப்புப் படிந்த ஈரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேற்பகுதியை மறைத்து நிற்கும், அதைச் சுருக்கத்தான். இந்த நாட்களில் களவாகக் கொத்துரொட்டி சாப்பிட்டால் தெரியாமல் போகாது. கமராவில் முதலில் தெரிவதே ஈரல்தான். பிறகு நான்கைந்து சின்னத் துளைகள் போட்டு, ஈரலைத் தூக்கிப் பிடித்து, இரைப்பைக்குப் பின்னால் ஒரு சுரங்கம் எடுத்துப் பட்டியை இழுத்துப் பூட்டுவார்கள். இரைப்பையின் கீழ்ப் பகுதியை முன்பக்கமாக வளையத்துக்கு மேலே கொண்டுவந்து இரண்டு, மூன்று தையல் போடுவதும் உண்டு. பட்டி நழுவாமல் பிடிப்பது அந்தத் தையலும், பின்பக்கச் சுரங்கத்தை எங்கே எடுத்தார்கள் என்பதும்தான். சுரங்கத்தை இரைப்பைச் சுவரை ஒட்டி எடுத்த பழைய முறையில் நழுவல் மிக அதிகமாக இருந்தது.

முதல் முறை ஊதுவது, அதாவது சேலைன் ஏற்றி இறுக்குவது, நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிறகுதான். வீக்கம் வற்றி, பட்டியைச் சுற்றித் தழும்புத் திசு வளர வேண்டும். படுக்க வைத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வார்கள். தசை இறுக, போர்ட் கைக்குத் தட்டுப்படும். சாதாரண ஊசி சிலிக்கன் மூடியைத் துளைத்துத் துணுக்கு எடுத்துவிடும், பிறகு கசியும். அதனால் நுனி பக்கவாட்டில் திறந்த ஹூபர் ஊசியைச் செங்குத்தாக, அடித்தட்டில் தட்டும் வரை இறக்குவார்கள். முதலில் உள்ளே இருக்கிறதை எல்லாம் உறிஞ்சி அளப்பார்கள். பதிவில் 5 மில்லிலீற்றர் என்று இருக்க 3 தான் வந்தால், எங்கேயோ கசிவு. பிறகு எடுத்ததைத் திரும்ப ஏற்றி, அதற்குமேல் அரை அல்லது ஒரு மில்லிலீற்றர் கூட்டுவார்கள். எழுந்து இருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அந்த இடத்திலேயே கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். "வீட்டை போகச் சரிவரும்" என்று விடக்கூடாது. வீக்கத்தால் அடுத்த நாட்களில் இறுக்கம் கூடுமே தவிரக் குறையாது.

ஒருவரின் அளவை மற்றவரோடு ஒப்பிடவும் கூடாது. பழைய பட்டிகளில் 4 மில்லிலீற்றர்தான் கொள்ளும், பின்னால் வந்தவை 10, 14 கொள்ளும். 3 மில்லிலீற்றர் ஒன்றில் கழுத்தை நெரிக்கும், மற்றதில் காற்றாடும். ஊருக்கு வர முந்தின கிழமை ஊதிவிட்டுப் பிளேன் ஏறுவது முழு முட்டாள்தனம். இறுகினால் அதைத் தளர்த்தக்கூடிய ஆளை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்துவிடுகிறீர்கள்.

அளவு சரியென்றால், சின்னச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணித்தியாலம் பசி எட்டிப் பார்க்காது, கிழமைக்கு அரை முதல் ஒரு கிலோ குறையும். தளர்வு என்றால் பசிக்கும், கோப்பை நிறையச் சாப்பிட முடியும். அதிக இறுக்கம்தான் ஆட்களை ஏமாற்றுவது. இறைச்சி இறங்காது, சோறு இறங்காது, ஆனால் ஐஸ்கிரீம், சீனி போட்ட ரீ, சோடா, மில்க்சேக் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். முறுக்கும் மிக்ஸரும் வாயிலேயே கரைந்து இறங்கும். ஆக நிறை ஏறும். நிறை ஏறினவுடன் "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கோ" என்று போவார்கள், கவனிக்காத டொக்டர் இறுக்கியும் விடுவார். உண்மையில் அங்கே செய்ய வேண்டியது தளர்த்துவது. இரவில் படுத்தவுடன் இருமல், தலையணையில் புளித்த நீர், காலையில் தொண்டைக் கரகரப்பு இருந்தால் பட்டி அதிகமாக இறுகியிருக்கிறது என்றுதான் எடுக்க வேண்டும். அந்த நீர் சுவாசப்பைக்குள் போனால் நிமோனியா.

இனி எங்கள் சாப்பாடு. ஒப்பரேசன் முடிந்து முதல் இரண்டு கிழமை நீராகாரம், அடுத்த இரண்டு கிழமை மசித்தது, அதன்பின் மெல்ல மெல்லக் கெட்டியானது. இதெல்லாம் கடந்தவருக்கும் ஊரில் வந்து மாட்டுப்படுவது முதலில் பாண். மென்றால் மா உருண்டையாகிப் பட்டியில் ஒட்டிக்கொள்ளும். நன்றாக வாட்டி மொறுமொறுவென்று ஆக்கினால் சிலருக்குப் போகும். புட்டு உலர்ந்து இருந்தால் அடைக்கும், வாழைப்பழத்தோடு பிசைந்தால் பசையாகும். இடியப்பத்தைச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிடப் பலருக்குச் சமாளிக்கலாம். குழைந்த வெள்ளைச் சோற்றைவிடப் பொலபொலவென்ற சிவப்பரிசிச் சோறு பரவாயில்லை. சொதியை அள்ளி ஊற்றிக் கரைத்து உறிஞ்சுவது தீர்வு ஆகாது. இறங்கும், ஆனால் பட்டியில் அமுக்கம் இல்லாததால் ஒரு மணித்தியாலத்தில் பசிக்கும். சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரை மணித்தியாலமும் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான்.

ஒடியற் கூழ் தனிக் கதை. நீர்தானே என்று மளமளவென்று குடிப்பார்கள். அதற்குள் இருக்கிற கணவாய்த் துண்டு ரப்பர் மாதிரி அப்படியே போய் வாசலில் குந்திவிடும். கணவாயையும் பயற்றங்காயையும் வெளியே எடுத்துவிட்டு, மீனை உதிர்த்துப் போட்டுக் கொஞ்சம் குடிக்கலாம். பனங்கிழங்கிலும் புழுக்கொடியலிலும் தும்பு, அவை வேண்டவே வேண்டாம். முருங்கைக்காயைச் சப்பித் துப்புகிற பழக்கம் இங்கே நல்லாக உதவும். மீன்தான் எங்களுக்குக் கிடைத்த கொடை. நாளுக்கு 60 கிராம் புரதம் தேவை. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6. உதிரியாக வறுத்த சுறா வறையைவிடக் குழம்பில் அவிந்த விளைமீனோ பாரையோ லேசாக இறங்கும். கோப்பையில் முதலில் மீனைச் சாப்பிடுங்கள், சோறு பிறகு. சின்னக் கரண்டி, இருபது தடவை மெல்லல், வாய்க்கு வாய் ஒரு நிமிடம், இருபது முப்பது நிமிடத்தில் கோப்பையை மூடிவிடுதல். விருந்து வீட்டில் கதைத்துக்கொண்டு சாப்பிடும்போது இது முழுக்க மறந்துபோகும், அடைப்புகளில் பாதி கலியாண வீட்டில்தான் நடக்கும். கந்தசஷ்டி போன்ற விரதம் முடித்து அவசரத்தில் பாறணைச் சாப்பாடு சாப்பிடுவதும் அப்படித்தான்.

மருந்திலும் கவனம் வேண்டும். மெட்ஃபோர்மின் போன்ற பெரிய குளிசை மாட்டலாம். ஆனால் மெதுவாகக் கரைகிற வகையை நொறுக்கக்கூடாது, ஒரே தடவையில் முழு அளவும் உடம்பில் ஏறிவிடும். சாதாரண வகைக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். டைக்ளோபெனக், ஐபியுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகள் பட்டிக்கடியில் புண் போடும். மூட்டு நோவென்று பார்மசியில் கேட்டு வாங்கி விழுங்கவேண்டாம். இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாடு குறைந்தவுடன் அளவையும் டொக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீனி சடாரென்று விழும். கர்ப்பம் தரித்து வாந்தி இருந்தால் பட்டியைத் தளர்த்துவார்கள்.

பிழைக்கிற விதங்களில் அவசரமானது ஒன்று, நழுவல். பட்டிக்குக் கீழே இருக்கிற இரைப்பை மேலே நழுவி வந்து பெரிய பையாகும். திடீரென்று எச்சில்கூட இறங்காது, மேல்வயிற்றில் விடாத நோ, வாந்தி. முறுக்குண்ட பகுதிக்கு இரத்தம் போகாவிட்டால் இரைப்பை அழுகும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே பிடிக்கலாம். சரியான இடத்தில் இருக்கிற பட்டி பக்கவாட்டில் ஒரு சாய்ந்த கோடாகத் தெரியும், நழுவினது முழு வட்டமாகத் தெரியும். மற்றது அரிப்பு. பட்டி வருடக்கணக்கில் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவது இது. இதில் அனேகமாகக் கடும் நோ வராது. போர்ட் இருக்கிற இடம் ஒப்பரேசன் முடிந்து பல காலத்துக்குப் பிறகு சிவந்து சீழ் பிடிக்கும், அல்லது பட்டி வேலை செய்யாத மாதிரி பசி திரும்பும். போர்ட்டை மட்டும் சுத்தம் பண்ணி அன்ரிபயோட்டிக் கொடுத்து அனுப்பினால் பிழை. எண்டோஸ்கொபியில் பார்த்து, அரித்திருந்தால் பட்டியை எடுக்கவே வேண்டும். போர்ட் குப்புறக் கவிழ்வதும், ரியூப் வெடிப்பதும் தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை.

தண்ணீரே இறங்காவிட்டால் இரவு விடியட்டும் என்று பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து, யாழ் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனவுடன் "வயிற்றைச் சுற்றிப் பட்டி இருக்கு, போர்ட் இந்த இடத்தில" என்று கைவைத்துக் காட்டுங்கள். முதல் வேலை சேலைனை முழுவதும் உறிஞ்சி எடுப்பது. ஹூபர் ஊசி இல்லையென்றால் உயிர் போகிற நேரத்தில் மெல்லிய சாதாரண ஊசியாலும் எடுக்கலாம், போர்ட் பழுதானால் பிறகு மாற்றலாம். எடுத்தும் நோ நிற்காவிட்டால் சத்திரசிகிச்சை. பல நாள் வாந்தி எடுத்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற முன் தயமின் போட வேண்டும். உயிர்ச்சத்து பி1 வற்றிய மூளைக்குக் குளுக்கோஸ் மட்டும் போனால் தடுமாற்றம், பார்வைக் குழப்பம் என்று நிரந்தரச் சேதம் வரலாம். பட்டியின் பெயர், அளவு, கடைசியாக உள்ளே இருந்த மில்லிலீற்றர், போட்ட திகதி எழுதிய அட்டை கடவுச்சீட்டோடு இருக்கட்டும். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவர் புதிதாகப் போடலாமா? 2022 சர்வதேச வழிகாட்டலின்படி உடற்திணிவுச் சுட்டி (BMI) 35 க்கு மேல் என்றால் யாருக்கும் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்கலாம், எங்கள் ஆசிய உடம்புக்கு எல்லை 27.5 இலிருந்தே தொடங்குகிறது. 165 சென்ரிமீற்றர் உயரம், 105 கிலோ என்றால் சுட்டி 38.6, மேலதிக நிறை (சுட்டி 25 க்கு மேலே வருகிற நிறை) ஏறத்தாழ 37 கிலோ. நன்றாகக் கவனிக்கப்பட்ட பட்டி இதில் 16, 17 கிலோ குறைத்துத்தரும். பட்டியால் பலனே இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2008 இல் மெல்பேர்ணில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், புதிதாக நீரிழிவு வந்தவர்களில் பட்டி போட்ட 73 வீதமானோருக்கு இரண்டு வருடத்தில் நோய் தணிந்தது, வழக்கமான சிகிச்சையில் 13 வீதம்தான். ஆனால் பிரசல்ஸில் 12 வருடம் பின்தொடர்ந்தவர்களில் 28 வீதமானோருக்கு அரிப்பு, பாதிப்பேரிடம் பட்டியே மிஞ்சவில்லை. பிரித்தானியாவில் நிறை குறைக்கிற மூன்று சத்திரசிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வில், மூன்று வருடத்தில் மேலதிக நிறையில் பாதியைக் குறைத்தவர்கள் குடலைத் திருப்பி இணைக்கிற பைபாஸில் 68 வீதம், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவில் 41, பட்டியில் 25. உலகம் பட்டியைக் கைவிட்டது சும்மா இல்லை.

முதல் வருடத்தில் ஆறு எட்டுத் தடவையாவது சரிசெய்ய வேண்டிய பொருளுக்கு, ஊரில் ஊதுகிற ஆள் இல்லாமல், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்வர வேண்டுமென்றால் வேண்டாம் என்றே சொல்வேன். இந்தியாவில் மலிவாகப் போட்டுத் தருகிறார்கள் என்று யாரும் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊதுவது யார், எங்கே? பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும் ஆயுளுக்கும் உயிர்ச்சத்தும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும், ஆனால் அந்த உயிர்ச்சத்தையும் பரிசோதனையையும் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே போட்டு, இப்போது தொல்லை தருகிறது என்றால் எடுத்துவிடலாம். அதையும் கமரா வழியாகவே எடுப்பார்கள். எடுத்த இடத்தில் தழும்பு இறுக்கமாக இருப்பதால், ஸ்லீவோ பைபாஸோ செய்வதாக இருந்தால் சில மாதம் பொறுத்துச் செய்வதையே பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் விரும்புவார்கள். அரித்த பட்டி என்றால் கட்டாயம் பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் பசி முழுதாகத் திரும்பிவிடும், நிறையும் ஏறும். எடுக்க முன்னமே அடுத்த திகதியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.