கழிக்க வேண்டிய நாட்கள்

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறிய அன்று, இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க இன்னும் 31 நாட்கள் இருக்கின்றன என்று நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். ஒப்படைத்த ஆறாம் நாள் சான்றுச் சட்டப் பரீட்சை, அதன் பின்னால் இன்னும் மூன்று பாடங்கள். கையில் இருந்தது ஒன்றரை அத்தியாயம் மட்டுமே. ஆனாலும் ஒரு மாதம் இருக்கிறதே என்ற நிம்மதியோடு அன்று மாலை குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்தேன்.

சென்ற அரையாண்டில் ஓர் ஒப்படையைக் காய்ச்சலால் உரிய நாளில் கொடுக்க முடியாமல் போனது. கால நீடிப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். மருத்துவச் சான்றிதழும் இருந்தது. ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்தது தவணை முடிந்த மறுநாள். காலம் முடிவதற்கு முன்னர் கேட்டிருந்தால் பரிசீலிக்கலாம், முடிந்த பின்னர் நீடிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்று பதில் வந்தது. புள்ளிகள் குறைந்தன. அந்த விதி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். வலித்தது விதி அல்ல. அதைச் சட்டம் படிக்கிற நானே வாசிக்காமல் இருந்தேன் என்பதுதான்.

திருவிழா தொடங்கி மூன்றாம் நாள் இரவு, இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் மேன்முறையீட்டுப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பில் அதிருப்தி கொண்டவர் மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 754ஆம் பிரிவு. அந்த 14 நாட்களில் தீர்ப்புச் சொல்லப்பட்ட நாளையும், அறிவித்தலைக் கொடுக்கும் நாளையும், ஞாயிற்றுக்கிழமைகளையும், அரச விடுமுறை நாட்களையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அடுத்து வரும் 755ஆம் பிரிவின்படி மேன்முறையீட்டு மனுவை 60 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அங்கே அப்படிப்பட்ட கழிவு எதுவும் எழுதப்படவில்லை. இந்த வேறுபாட்டைப் பரீட்சைக்காகப் பலமுறை மனனம் செய்திருக்கிறேன். அன்றிரவுதான் என் 31 நாட்களை நான் எந்தப் பிரிவின்படி எண்ணினேன் என்ற கேள்வி எழுந்தது.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன். சப்பறம், தேர், தீர்த்தம் ஆகிய மூன்று நாட்களும் எங்கள் வீட்டில் படிப்பதற்கு உரியவை அல்ல. நாங்கள் இருப்பது கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், அந்த நாட்களில் முற்றம் முழுவதும் சொந்தக்காரர்கள். கனடாவிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்து நிற்கும் நாட்களைக் கழித்தேன். மின்வெட்டுக்கும் தலையிடிக்கும் என்று இரண்டு நாட்களை ஒதுக்கினேன். அச்சிட்டுக் கட்டுவதற்கு ஒரு நாள். மிஞ்சியவை 17. பயந்தேன், உண்மைதான். ஆனால் 31 என்ற எண் தந்த நிம்மதியைவிட 17 என்ற எண் தந்த பயம் எனக்கு அதிகம் உதவியது, ஏனென்றால் அதை வைத்து என்ன எழுதலாம், எதை விட வேண்டும் என்று தீர்மானிக்க முடிந்தது.

என் தலைப்பு, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் தேடியதேட்டம், அதாவது மணவாழ்வின்போது தேடிய சொத்து. 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக் தொகுத்ததிலிருந்து தொடங்கி, இன்றுவரை வந்து, விற்கப்படும் காணியைப் பங்குரிமையாளர் போன்றோர் முதலில் வாங்கும் முன்கொள்வனவு உரிமையையும் ஓர் அத்தியாயமாகச் சேர்ப்பதுதான் முதலில் போட்ட திட்டம். 17 நாட்களுக்கு அது ஆகாது. மேற்பார்வையாளரிடம் போய், முன்கொள்வனவை முழுதாக விட்டுவிடலாமா என்று கேட்டேன். "ஒரு கேள்வியை எடும், அதை ஒழுங்கா முடியும்" என்றார் சேர்.

அந்த ஒரு கேள்வி அம்மம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து கிடைத்தது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில், மணவாழ்வின்போது யார் தேடினாலும் தேடியதேட்டம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் அதை மாற்றியது: தேடியவர் யாரோ, அது அவருடைய தேடியதேட்டம், ஆனால் அவர் தன் தனிச் சொத்தைக் கொடுத்து வாங்கியது தேடியதேட்டம் ஆகாது. நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அம்மம்மா எழுந்து போய் ஒரு காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டிய உறுதி. நொத்தாரிசின் கையெழுத்துக்கு மேலே காணியின் நான்கு எல்லைகள், பரப்பு, விலை எல்லாம் இருந்தன. "நான் என்ர சீதன அட்டியலை வித்து வாங்கின காணி, பிள்ளை" என்றார். உறுதியை இரண்டு முறை வாசித்தேன். அட்டியலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விலை கொடுக்கப்பட்டது என்று இருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இல்லை.

அப்படியானால், அது தனிச் சொத்திலிருந்து வந்த பணம் என்பதை ஒரு மனைவி பல பதிற்றாண்டுகளுக்குப் பின்னர் எதைக் கொண்டு நிரூபிப்பாள்? கட்டுரை முழுவதையும் இந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதினேன். நிரூபிக்கும் சுமை யாருக்கு என்ற பகுதியை எழுதும்போது சான்றுக் கட்டளைச் சட்டத்தையும் கூடவே படிக்க வேண்டியிருந்ததால், ஒரு பரீட்சையின் பாதி அதற்குள் முடிந்தது.

எழுதியது பெரும்பாலும் விடியற்காலையில். கோயில் மணி கேட்டதும் எழும்பி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்து, ஆறு மணிவரை யாரும் கூப்பிடாத நேரத்தில் எழுதினேன். சட்டத்தை ஆங்கிலத்தில் படிப்பதால் கட்டுரையும் ஆங்கிலத்திலேயே வர வேண்டும். முதுசம், சீதனம், ஒற்றி போன்ற சொற்கள் மட்டும் தமிழாகவே அதற்குள் நின்றன. இரவில் முயன்ற நாட்களில் ஒரு பக்கமும் தேறவில்லை. பதினொரு மணிக்கு அம்மம்மா வந்து, "படிச்சது காணும், படு" என்று விளக்கை அணைத்துவிடுவார்.

இதற்கிடையில் மற்றப் பாடங்களிலும் காலம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126(2). எங்கள் ஊரில் மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாருக்கு அந்த ஒரு மாதம் எப்படிக் கழிந்திருக்கும் என்று யோசிக்காமல் அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. பிறர் காணியை அவருடைய உரிமைக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் ஆண்டவருக்கு உரிமை தருகிறது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். போரில் இடம்பெயர்ந்து அந்தப் பத்து ஆண்டுகளைத் தடுக்க முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்தில் கொண்டு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நாட்களைக் கழித்து எண்ண ஒரு நாடாளுமன்றமே கூட வேண்டியிருந்திருக்கிறது. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.

கட்டுரையை இன்று பிற்பகல் ஒப்படைத்தேன். நான் ஒதுக்கிய இரண்டு நாட்களில் ஒன்றை மின்வெட்டு எடுத்துக்கொண்டது. மற்றையது கடைசி அத்தியாயத்துக்குப் பயன்பட்டது. பிரதி ஒன்றை அம்மம்மாவிடம் கொடுத்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்றாலும் அட்டையைத் தடவிப் பார்த்து, உறுதி இருந்த தகரப் பெட்டியிலேயே அதையும் வைத்தார்.

சான்றுச் சட்டத்துக்கு ஆறு நாட்கள். அதில் ஒரு ஞாயிறு, பெரியம்மா குடும்பத்தை வழியனுப்பும் நாள். ஐந்து.