தற்காலிகக் கோப்புக்கு வெறும் பெயரை வாங்காதீர்கள்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்காக சி மொழியில் நான் எழுதிய நிரல், பழம் பறித்தவர்களின் அன்றாடக் கிலோக் கணக்கை ஆள்வாரியாகப் பிரித்துக் கூலிப் பட்டியலாக்குகிறது. அதற்கு இடையில் ஒரு தற்காலிகக் கோப்பு தேவை. சேலத்தில் என்னிடம் நிரலாக்கம் பழகுபவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் டிஎம்பிநேம் சார்பைத்தான் எடுக்கிறார்கள்.

அந்தச் சார்பு, அந்த நொடியில் புழக்கத்தில் இல்லாத ஒரு பெயரை மட்டுமே தரும்; கோப்பை நாம்தான் எஃப்ஓபன் கொண்டு திறக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் வேறொருவர் அப்பெயரில் ஒரு சிம்லிங்கை (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை) வைத்து அதைக் கூலிப் பதிவேட்டுக்குத் திருப்பிவிட்டால், எழுதுவதற்காகத் திறக்கும் நம் நிரலே பதிவேட்டை வெறுமையாக்கிவிடும். எல்லோரும் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் டெம்ப் அடைவின் ஸ்டிக்கி பிட் என்ற அனுமதிக் குறி, பிறர் நம் கோப்பை அழிப்பதைத் தடுக்குமே தவிர, புதிதாக ஒன்றை அங்கே வைப்பதைத் தடுக்காது. இத்தகைய சிம்லிங்குகளைப் பின்தொடராமல் தடுக்கும் அமைப்பு லினக்ஸின் மையமான கர்னலில் 2012 முதல் உண்டு. ஆனால் அது எல்லாக் கணினியிலும் இயக்கப்பட்டிருக்கும் என்று நம்பி நிரல் எழுதுவது எனக்கு உவப்பில்லை. லினக்ஸில், நிரலின் பகுதிகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பு நிரலே டிஎம்பிநேம் ஆபத்தானது என்று எச்சரிக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் கடந்துபோவோர்தான் அதிகம்.

இதற்கு மாற்றான எம்கேஎஸ்டெம்ப் சார்பு, பெயரை உண்டாக்குவதோடு நில்லாமல் கோப்பையும் திறந்தே கையில் கொடுக்கிறது. அப்பெயர் ஏற்கெனவே இருந்தால் திறக்க மறுக்கும் ஓ_எக்ஸ்சிஎல் கொடியை அது பயன்படுத்துவதால், மேற்சொன்ன இடைவெளிக்கே வழியில்லை. நாம் தரும் வார்ப்புப் பெயர் ஆறு எக்ஸ் எழுத்துகளில் முடிய வேண்டும். அவற்றின் மேலேயே புது எழுத்துகள் எழுதப்படுவதால், அது கேரக்டர் அரேயாக (மாற்றி எழுதக்கூடிய எழுத்து வரிசையாக) இருக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் உள்ள, மாற்றக் கூடாத சரத்துக்கு ஒரு பாயிண்டரை (முகவரிச் சுட்டியை) மட்டும் வைத்து அனுப்பினால், நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழையில் விழுந்துவிடும்.

திறந்த கையோடு அன்லிங்க் செய்து, கோப்பின் பெயரை அடைவிலிருந்து நீக்கிவிடுவது என் வழக்கம். பெயர் மறைந்தாலும், கோப்பை மூடும் வரை தரவு இருக்கும். நிரல் பாதியில் கொல்லப்பட்டாலும் குப்பை மிஞ்சாது. டிஎம்பிஃபைல் இதையே ஒரே அழைப்பில் செய்கிறது, ஆனால் தொடக்கம் முதலே பெயர் கிடைக்காததால் அக்கோப்பை, வரிசைப்படுத்தும் சார்ட் போன்ற வெளி நிரலுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்க இயலாது.

பதிவேட்டையே புதுப்பிக்கும்போது முறை வேறு. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனாலும் பழைய பதிவேடு சிதையக் கூடாது என்பதால், புதியதைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து வட்டில் பதிவதை உறுதிப்படுத்தி, பிறகு பெயர் மாற்றும் ரீநேம் மூலம் பழையதன் இடத்தில் வைக்கிறேன். ரீநேம் ஒரே கோப்பு முறைமைக்குள்தான் நடக்கும்; பல கணினிகளில் டெம்ப் அடைவு நினைவகத்திலேயே தனியாக இருப்பதால், இக்கோப்பைப் பதிவேடு உள்ள அடைவிலேயே உருவாக்க வேண்டும். எம்கேஎஸ்டெம்ப் உருவாக்கும் கோப்பின் அனுமதி 0600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும் என்பதால், ரீநேமுக்கு முன் எஃப்சிஎச்மோட் கொண்டு அதை மாற்றாவிட்டால், மறுநாள் காலையில் தோட்டத்து எழுத்தரால் பதிவேட்டைத் திறக்க முடியாது.