முதிரைப் பலகையை வளைக்கும்போது வெடித்தால்

வன்னியில் கிற்றார் செய்ய நினைப்பவரின் கண் முதலில் முதிரை மரத்தில்தான் விழும். அதன் மினுக்கத்துக்குக் காரணம் பின்னிக்கிடக்கும் நார். பக்கப்பலகையை வளைக்கும்போது வெடிக்க வைப்பதும் அதே நார்தான்.

பலகையைச் சூடான குழாயில் அழுத்தித்தான் வளைக்கிறோம். குழாயைத் தொடும் முகம் அமுங்கும், தொடாத முகம் இழுபடும். நார் பலகையை விட்டு வெளியே ஓடும் இடத்தில் அந்த இழுவை சிராயைக் கிளப்பிவிடும். இடுப்பு வளைவில் இழுபடுவது கிற்றாரின் உட்புறம் என்பதால் அங்கே வரும் வெடிப்பை மறைக்கலாம். மேல், கீழ் வளைவுகளில் அது வெளியே தெரியும்.

‘டிக்’ என்று சத்தம் கேட்டதும் அழுத்துவதை நிறுத்துங்கள். பலகையை எதிர்ப்பக்கம் நிமிர்த்தினால் சிராய் இன்னும் நீளும். வளைந்த நிலையிலேயே ஆறவிட்டு, அச்சில் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் காயவிடுங்கள். சூட்டோடு சுப்பர் குளூ விடவே வேண்டாம். மறுபடி குழாயில் வைத்தால் ஒட்டு இளகும், புகை கண்ணை எரிக்கும். வளைவு முழுவதையும் முடித்த பிறகே ஒட்டு.

மயிரிழை வெடிப்புக்குத் தண்ணீர்போன்ற சுப்பர் குளூ ஒரு துளி போதும், தானாக உள்ளே இறங்கும். கிளம்பிய சிராய்க்கு அடியில் பிளேட்டால் மரப்பசை தள்ளி, பொலித்தீன் சுற்றிய கட்டையால் அழுத்தி ஓர் இரவு விடுங்கள். பிறகு உட்புறத்தில் நாருக்குக் குறுக்கே 2 மி.மீ. தடிப்பும் 6 மி.மீ. அகலமும் உள்ள சீவல் ஒன்றை ஒட்டுங்கள். அதன் இரு முனையும், பக்கப்பலகையின் உள்விளிம்புகளில் ஒட்டும் ஓரப்பட்டிகளுக்கு அடியில் போக வேண்டும். இடையில் நின்றால் முனையடியில் புது வெடிப்பு வரும்.

நார் வழியே பிளந்ததைக் காப்பாற்றலாம். நாரே குறுக்கே முறிந்து, மறுபுறம் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பலகை கிற்றாருக்கு ஆகாது.

அடுத்த பலகையை 1.9 மி.மீ. தடிப்பு வரும்வரை சீவுங்கள். 2.3 மி.மீ. நேர் நாருள்ள மரத்துக்குத்தான் சரி. முதிரைத் தூசி தோலில் சொறி உண்டாக்கும், முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் வேண்டும். இரவு முழுக்க ஊறப்போட்டால் பலகை குழிந்து நெளியும், தெளித்தாலே போதும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெளித்த நீர் குழாய்க்கு வருமுன்னே காய்ந்துவிடும். காற்றுப்பக்கத்தை மறைத்து, பலகையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். குழாய் 150 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும். இழுபடும் முகத்தில் 0.3 மி.மீ. துருப்பிடிக்காத தகட்டை வைத்து, பலகையோடு சேர்த்தே வளையுங்கள். சாதாரண இரும்புத் தகடு ஈர மரத்தில் கறுப்புக் கறை விடும்.