ஆறாம் அத்தியாயம் இன்னும் திறக்கவில்லை

8 ஜனவரி 2024, திங்கள்

ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து கால் முகம் கழுவியதும் பழைய ஹாட் டிஸ்கைத்தான் எடுத்தேன். அந்த டிக் டிக் சத்தம் இன்றைக்கும். கொஞ்ச நேரம் அப்படியே அடித்து ஓய்ந்த பிறகு கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. வந்ததை எல்லாம் பென் டிரைவுக்கு மாற்றினேன். முடியும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. மூச்சைப் பலமாக விட்டால்கூட நின்றுவிடுமோ என்று இருந்தது.

அம்மப்பா எழுதி, அம்மா அடித்து வைத்த புத்தகத்தின் ஐந்து அத்தியாயங்களும் முழுதாக இருக்கின்றன. ஆறாவதும் இருக்கிறது. திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது.

9 ஜனவரி, செவ்வாய்

அம்மா தண்ணீர் கேட்க நினைத்து “கதவு” என்றார். திரும்பவும் “கதவு”. சொன்னது பிழை என்று அவருக்கே தெரிகிறது. முகம் சுருங்கி, கண்ணை மூடிக்கொண்டார். நான் தண்ணீர்ப் போத்தலைக் காட்டியதும் தலையாட்டினார்.

டொக்டரிடம் கேட்டேன். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. அதனால்தான் வலது கையும் காலும் விழுந்தன, அதனால்தான் பேச்சும். சொல்வது விளங்குகிறது, நினைவும் இருக்கிறது, சொல் வெளியே வரும் வழிதான் பழுதாகியிருக்கிறது என்றார். பயிற்சி கொடுக்கக் கொடுக்கத் திரும்புமாம். அதிலும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் திரும்புமாம்.

அப்படியென்றால் இப்போதுதான் நேரம்.

10 ஜனவரி, புதன்

போன் தானாகவே அப்டேட் ஆகத் தொடங்கிக் கறுப்புத் திரையோடு கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வார்ட்டில் இருந்து கோல் எடுத்திருக்கிறார்கள்.

11 ஜனவரி, வியாழன்

ஒன்றுமில்லை, மருந்துச் சீட்டு மாற்ற வரச் சொல்லத்தான் எடுத்தார்களாம். நேற்றிரவு முழுக்க என் நெஞ்சு பட்ட பாடு.

இரவு இரண்டாம் அத்தியாயத்தை, இன்றைய கணினிகள் வாசிக்கிற யுனிகோட் முறைக்கு மாற்றினேன். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில். பாமினி எழுத்துருவை எடுத்துவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். உள்ளே கிடப்பது அவ்வளவுதான், எழுத்துரு வந்துதான் அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. முந்திய தலைமுறை இதை வைத்துக்கொண்டு எவ்வளவு எழுதியிருக்கிறது! பத்திரிகைகள், மலர்கள், பாடக் குறிப்புகள், கல்யாண அழைப்பிதழ்கள். பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு இருந்த வழி அது.

மாற்றி மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி சரியாக வருகிறது. கொம்புகள்தான் சண்டை. பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிப்பார்கள், கையால் எழுதுகிற ஒழுங்கில். யுனிகோடில் எழுத்து முதல், கொம்பு பிறகு. நல்ல மாற்றி இதைப் பார்த்துத் திருப்பிவிடும். நான் முதலில் எடுத்தது அப்படிப்பட்டதல்ல, கொம்புகள் எல்லாம் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டன. இரண்டாவது பரவாயில்லை.

ஆனால் ஒரு வரியில் “புடழரஉநளவநச” என்று வந்தது. இன்னொரு இடத்தில் “அயளவ”. அம்மப்பாவின் கடற்சொல் ஏதோ என்று வெகுநேரம் யோசித்தேன். அந்தக் காலத்து ஆட்களிடம் எத்தனையோ சொல் இருந்தது, அதில் ஒன்றாக இருக்கலாம் என்று நம்பியே விட்டேன். பிறகுதான் விசைப்பலகையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பின்னுக்குப் போனேன். அம்மா ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்கள். மாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிட்டது. “அயளவ” என்பது பாய்மரம். மற்றது குளொஸ்ரர்.

குளொஸ்ரர்! அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் கரையில் இருக்கிற துறைமுகம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் போய்ச் சேர்ந்த இடம். அதை வாங்கிய அமெரிக்கர் ரொபின்சன் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார், ஓட்டிப் போனவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். சின்ன வயதில் சோறு ஊட்டும்போதெல்லாம் கேட்ட கதை. இன்று இரவு ஒரு மணிக்கு அது எனக்குப் புதிதாகக் கிடைத்தது.

12 ஜனவரி, வெள்ளி

ஆறாவதை மட்டும் அம்மா ஏன் பூட்டினார்? மற்ற ஐந்தும் திறந்துதானே கிடக்கின்றன.

13 ஜனவரி, சனி

“தோணி” என்று தேடினால் ஒன்றும் இல்லை என்கிறது. பக்கம் முழுக்கத் தோணி. கண்ணுக்கு முன்னால் நான்கு தோணி நிற்கிறது, இயந்திரம் இல்லை என்கிறது.

இதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். ஓகாரக் குறிக்கு யுனிகோடில் தனி எண் ஒன்று உண்டு. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே போட்டாலும் பார்வைக்கு அதே எழுத்துத்தான். மாற்றி இரண்டாவது வழியில் செய்து வைத்திருக்கிறது. நான் தேடுவது முதல் வழியில். இரண்டும் ஒன்றுதான் என்று யுனிகோட் விதியே சொல்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அந்த விதியைப் பார்ப்பதில்லை. இருந்து எல்லாவற்றையும் மாற்றினேன். கோ, தோ, போ, மோ, பிறகு ஒகரம் முழுக்க.

சலிப்பான வேலைதான். ஆனாலும் செய்ய வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் இருக்கிறது. நாளைக்கு ஒரு பிள்ளை எங்கேயோ இருந்து “தோணி” என்று தேடும்போது அம்மப்பாவின் பக்கம் அதன் கையில் கிடைக்க வேண்டும்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். பொங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்து தந்தா, அதில் ஒரு கரண்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். விழுங்கப் பழக்குகிறவர் வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னா. வாசம் மட்டும் காட்டினேன்.

திரும்பும்போது பஸ் ஊருக்குள் நகரவே இல்லை. பட்டத் திருவிழாவுக்குச் சனம் அள்ளுப்பட்டது. இறங்கி நடந்தேன். வாடைக்காற்று நல்ல பலம். விண் என்ற ஒலிநாண் பூட்டிய பட்டங்கள் கூவிக்கொண்டு நின்றன. ஒரு பட்டத்தைக் கட்ட எத்தனை பெடியன்கள் எத்தனை இரவு இருந்திருப்பார்கள்! மூங்கில் சீவி, தாள் ஒட்டி, முச்சைக் கயிறு பார்த்து. ஒருவர் வீட்டிலும் அதற்குக் காசு வராது. ஏற்றி, கூவ வைத்து, ஊரைப் பார்க்க வைப்பதற்காகவே செய்கிறார்கள். கரையில் நின்று அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது.

போனில் அந்தக் கூவலைப் பதிந்தேன். நாளைக்கு அம்மாவுக்குக் கேட்க வைக்கப் போகிறேன்.

16 ஜனவரி, செவ்வாய்

கேட்டார். சிரித்தார். வாயின் இடப்பக்கம் மட்டும்.

18 ஜனவரி, வியாழன்

தேவாரம் பாடினார்!

பக்கத்துக் கட்டில் அம்மா பின்னேரம் விளக்கு நேரத்துக்கு முணுமுணுக்கத் தொடங்க, என் அம்மா அடுத்த வரியை எடுத்தார். ஒரு சொல் பிழையில்லை. ராகமும் விலகவில்லை. தண்ணீர் என்று சொல்ல முடியாதவர் முழுப் பதிகத்தையும் பாடுகிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொன்னா, இது நடப்பதுதானாம். பாட்டு, எண்ணுதல், கிழமைகளின் பெயர், இப்படி வாயோடு ஊறிப்போனவை வேறு வழியால் வரும். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு பேச்சை இழுத்து வரலாம் என்றா. “ஒன்று, இரண்டு” என்று தொடக்கிவிட்டால் பத்து வரை தானாகப் போகிறார்.

எனக்கு இரவு முழுக்க ஒரே நினைப்பு. கோப்பும் அப்படித்தானே கிடந்தது. ஒரு எழுத்தும் அழியவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைதான் கையில் இல்லாமல் இருந்தது.

19 ஜனவரி, வெள்ளி

கடவுச்சொல்லுக்கு அம்மாவின் பிறந்த நாள், அம்மப்பா இறந்த நாள், வீட்டு இலக்கம், என் பெயர், தம்பியின் பெயர். எதுவும் இல்லை.

தம்பி ரொறன்ரோவில் இருந்து அழைத்து, கடையில் கொடுத்தால் உடைத்துத் தருவார்கள் அக்கா, பழைய கோப்புப் பூட்டு ஒன்றும் பெரிய பூட்டு இல்லை என்றான். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோப்பைக் கடைக் கதிரையில் யாரோ திறந்து பார்ப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. அவர் பூட்டியது. அவர் இருக்கிறார். அவர்தான் திறக்க வேண்டும். இதைத் தம்பிக்குச் சொன்னேன், அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

22 ஜனவரி, திங்கள்

அச்சகத்துக்குப் போனேன். யுனிகோடில் கொண்டு போன ஐந்து அத்தியாயங்களையும் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இதைப் பாமினியில தர ஏலாதோ?” என்றார்கள். அங்கே பக்கம் கட்டுகிறவருக்குப் பாமினிதான் பழக்கம்.

கோபம் வந்தது. இத்தனை இரவும் எதற்கு? வீட்டுக்கு வரும்வரை அதே கோபம். பிறகு கிணற்றடியில் இருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பக்கத்தை நானே கட்டுவேன். படம், எழுத்து, எல்லாம் சேர்த்துப் பிடிஎஃப்பாகக் கொடுத்தால் அவர்கள் அச்சடித்தால் போதும். பாமினிக்குத் திரும்பிப் போக மாட்டேன். புத்தகம் 300 பிரதி அடிக்கலாம், முடிந்துபோகும். கோப்பு ஒழுங்காக இருந்தால் நூலகம் என்ற இணைய எண்ணிமக் களஞ்சியத்துக்கும் கொடுக்கலாம், அவர்கள் 2005இல் இருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றில் வேறு எங்குமே பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அம்மப்பா எழுதிய சீ.ஆர். என்ற தடித்த அட்டைக் கொப்பிகளும் இடம்பெயர்வில் போய்விட்டன. அம்மா 2003இல், சமாதான காலத்தில், இருந்து அடித்து வைத்த இந்தக் கோப்பு மட்டும்தான் மிச்சம். ஒரே ஒரு பிரதி என்ற நிலை எனக்குப் பயம். இனி அப்படி இருக்க விட மாட்டேன்.

24 ஜனவரி, புதன்

புது டிஸ்க் விலை கேட்டேன். முதலாம் திகதியில் இருந்து வற் வரி 18 வீதம். அடுத்த மாதம் பார்க்கலாம்.

25 ஜனவரி, வியாழன்

புத்தகத்துக்கு வரைகிற கப்பல் படத்தில் பாயின் வளைவு கைக்கு வரவில்லை. காற்று நிரம்பிய பாய்க்கும் தொங்குகிற பாய்க்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோட்டில்தான் இருக்கிறது. அந்தக் கோட்டை இன்று முழுக்கத் தேடினேன். பின்னேரம் கரைக்குப் போய் நின்றேன், அங்கே இப்போது எல்லாம் பைபர் கிளாஸ் படகும் எஞ்சினும்தான். ஒருவர் மட்டும் தார்ப்பாயை வெயிலுக்கு விரித்திருந்தார். காற்று அதை ஒரு மூலையில் தூக்கியது. அதைப் பார்த்துக்கொண்டே வந்து வரைந்தேன். வந்தது! மூன்றாம் அத்தியாயத்துப் படம் அது.

27 ஜனவரி, சனி

அம்மா வீட்டில்.

28 ஜனவரி, ஞாயிறு

போனின் குரல் தட்டச்சில் அவரைச் சொல்லச் சொல்லிப் பார்த்தோம். பாய்மரம் என்று மெதுவாக, ஆனால் சரியாகச் சொன்னார். போன் “பாயும் மரம்” என்று எழுதியது. திரும்பச் சொன்னார். “பாவம் மகன்”. மூன்றாம் முறை போனைத் தட்டிவிட்டார், நல்ல கையால்.

அவருடைய கோபம் எனக்கும் வந்தது. அவ்வளவு பாடுபட்டு ஒரு சொல்லை வெளியே கொண்டு வருகிறவரிடம் பிழை, பிழை என்று திரை காட்டக் கூடாது. இனி அதை அவர் முன் எடுக்க மாட்டேன். நான் கேட்டு நான் எழுதுவேன். எனக்கு விளங்குகிறது.

30 ஜனவரி, செவ்வாய்

விசைப்பலகையை மடியில் வைத்தேன். ஆறாம் அத்தியாயத்தைத் திறந்து கடவுச்சொல் பெட்டியைக் காட்டினேன். “அம்மா, இது என்ன?” என்று கேட்டால் சொல்ல முடியாது, அதனால் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு இடக்கையைத் தூக்கி வைத்தார். அவர் தட்டச்சு பழகிய காலத்து ஒழுங்கு, யளனக, அது விரலில் அப்படியே இருக்கிறது. முதலில் தேட வேண்டிய எழுத்து வலக்கைப் பக்கத்தில் இருந்தது போல, இடக்கை மெல்ல அந்தப் பக்கம் போனது. எம். திரும்பி வந்து டி. திரும்பவும் அந்தப் பக்கம், அரைப்புள்ளி. பிறகு டி. அங்கே களைத்துப் போனார். கையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன்.

எம், டி, அரைப்புள்ளி, டி. பாமினியில் வாசித்தால் “அன்ன”.

தமிழ்ச் சொல்! ஆங்கில விசையில் அடித்த தமிழ்ச் சொல்!

31 ஜனவரி, புதன்

அன்னபூரணி இல்லை. அன்னபூரணி அம்மாள் இல்லை. 1938 சேர்த்தும், 38 சேர்த்தும், இடைவெளி விட்டும் விடாமலும். பூவைப் பாமினியில் அடிக்கும்போது கூட்டல் குறி போடுகிற வழக்கம் உண்டு, அதையும் போட்டுப் பார்த்தேன், போடாமலும். இல்லை.

அம்மாவிடம் கப்பலின் படத்தைக் காட்டினேன். தலையை இல்லை என்று ஆட்டினார். நான் தேடுவது என்ன என்று அவருக்குத் தெரிகிறது!

1 பெப்ரவரி, வியாழன்

காலையில் “பிள்ளை, தேத்தண்ணி” என்றார். கதவு இல்லை, தேத்தண்ணி. ஓடிப்போய்ப் போட்டுக் கொடுத்தேன். டொக்டர் சொன்ன மாதிரித் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும், அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் குடித்து முடித்தார்.

மத்தியானம் சுவரில் இருக்கிற அம்மம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை அங்கே நீட்டினார். மாலை போடச் சொல்கிறார் என்று நினைத்துச் செவ்வந்தி பிடுங்கி வந்தேன். இல்லை என்று தலையாட்டி, விசைப்பலகையைக் காட்டினார். பிறகு திரும்பவும் படத்தை.

அம்மம்மா. அன்னலட்சுமி.

எழுத்தெழுத்தாகத் தாளில் எழுதி வைத்துவிட்டேன். எம், டி, அரைப்புள்ளி, டி, வை, எல், அரைப்புள்ளி, பெரிய ஆர், கே, பி. லப்டொப்பைத் திறக்கும்போது கரண்ட் போய்விட்டது. அதன் பற்றரி செத்துக் கன நாள். ஒழுங்கை முழுக்க இருட்டு. எட்டு மணி மருந்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன், அதற்குள்