லீட்ஸ் வரை: நெரோபோட்டின் கடைசி வாரம்

அக்டோபர் 6, 2024 – ஸ்கிப்டன்

நெரோபோட் என்ற குறுகலான படகில் கடக்கும் இந்த இங்கிலாந்துக் கால்வாய், லிவர்பூலிலிருந்து லீட்ஸ் வரை 127¼ மைல். வழியில் 91 லாக், அதாவது நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவறைகள். பென்னைன் மலைமுகடு பின்னால் போய்விட்டது, இனி இறக்கம்தான். நேரத்தைக் கணிக்க மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுப்பது வழக்கம். முழுக் கால்வாய்க்கும் 73 மணி வரும். கணக்கு சரிதான். ஆனால் படகுக்கு வழிவிடப் பக்கவாட்டில் திருப்ப வேண்டிய சுழல் பாலங்கள் அதில் சேராது, ஸ்கிப்டனுக்குக் கிழக்கே இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

அக்டோபரிலேயே முடித்துவிடுவது நல்லது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பராமரிப்புக்காக லாக்குகளை ஒவ்வொன்றாக அடைத்து வடிப்பார்கள். தவறான பக்கம் மாட்டினால் வசந்தம் வரை அங்கேயேதான்.

படகைக் கட்டிய பிறகுதான் குளிர்கால வேலை ஆரம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலைக்கு ஓடுகிற எஞ்சின் வேண்டும். டீசலில் வளரும் பூஞ்சைக்கு எதிரான மருந்தை இன்றே ஊற்றியாகிவிட்டது. கடைசி நாளில் ஊற்றினால் மருந்து தொட்டியோடு நின்றுவிடும்; ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் வரை போகாது. தொட்டியையும் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பியாயிற்று. காலி இடம் எவ்வளவோ அவ்வளவு ஈரக்காற்று. இரவில் குளிர்ந்ததும் அது சுவரில் வியர்த்து நீராகி அடியில் தேங்கும். பூஞ்சை வளர்வது அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில். டீசல் வாங்கும்போது ஓட்டத்துக்கு எவ்வளவு, வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டத்துக்கான பங்குக்குத்தான் முழு வரி.

அக்டோபர் 8 – சில்ஸ்டன்

கார்கிரேவின் கடைசி லாக்கிலிருந்து பிங்லி வரை சுமார் 17 மைல் ஒரே நீர்மட்டம். ஓய்வான ஓட்டம் என்று எழுதுகிறவர்கள் பாலம் திறந்தவர்களாக இருக்க மாட்டார்கள். சிலவற்றைச் சாவி போட்டு மின்சாரத்தில் திறக்கலாம். மற்றவை தோள் கொடுத்துத் தள்ள வேண்டியவை. காலை எட்டரைக்கு முன் மின்பாலத்தைத் திறந்து சாலையை மறிக்காமல் இருப்பது ஊரோடு ஒத்துப்போகும் வழி.

இந்த மாதத்தின் தொல்லை இலைகள். புரொப்பெல்லரைச் சுற்றி அவை மெத்தைபோல் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் குறையும், பின்னால் நீர் கலங்கும். வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. நியூட்ரலுக்கு வந்து, ஒரு கணம் ரிவர்ஸில் அழுத்தினால் உதிர்ந்துவிடும். அப்படியும் போகாவிட்டால் துணியோ கயிறோ சிக்கியிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகே புரொப்பெல்லருக்கு மேலுள்ள மூடியைத் திறக்க வேண்டும். பல்லுள்ள ரொட்டிக் கத்தி போதும். மூடியைத் திரும்பப் போடும்போது ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்ததா, குறுக்குச் சட்டம் இறுகியதா என்று பார்த்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓட்டி, கசிவு இல்லை என்று உறுதியானபின் பலகையை மூட வேண்டும். தளர்ந்த மூடி வழியே புரொப்பெல்லர் தள்ளும் நீர் எஞ்சின் அறைக்குள் பாயும். கால்வாய்ப் படகுகள் மூழ்கும் பழக்கமான வழிகளில் இது ஒன்று.

அக்டோபர் 9 – பிங்லி

ஐந்தடுக்கு லாக். 1774-இல் திறந்தது; 59 அடி 2 அங்குல உயரத்தை ஐந்து அறைகள் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் அறையின் கீழ்க்கதவே அடுத்ததன் மேல்கதவு. காப்பாளர் இல்லாத நேரத்தில் பூட்டியிருக்கும், இருப்பதும் நல்லதற்கே. விதி சின்னது: இறங்கும்போது மேல் அறை நிரம்பி, கீழுள்ள நான்கும் காலியாக இருக்க வேண்டும். ஏறும்போது அடியறை காலி, மற்றவை நிறைவு. இறங்கும்போது கீழறை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மேலறையின் நீருக்குப் போக்கிடமில்லை. பக்கத்து வழிந்தோடியில் கொட்டி வீணாகும்.

படகுக்காரர் கவனிக்க வேண்டியது வாசற்படி. மேல்கதவுக்கு அடியில் நீட்டியிருக்கும் அந்தக் கல்மேடை நீர் இறங்க இறங்கத்தான் வெளியே தெரியும். பின்புறம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்புறம் மட்டும் இறங்கும், படகு கவிழ்ந்து நிரம்ப ஒரு நிமிடம் போதும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே இருக்க, எஞ்சினை மெல்ல ஃபார்வர்டில் வைத்து முன்கதவைத் தொட்டும் தொடாமலும் நிற்கலாம். கால்வாயின் இந்தப் பகுதியில் லாக் 62 அடி. 57 அடிப் படகுக்குத் தாராளமில்லை. மோதலைத் தாங்கும் முன் ஃபெண்டர் கதவின் மரத்தில் மாட்டினாலும் இதே ஆபத்து எதிர்ப்பக்கம். தூக்கியது தெரிந்ததும் மதகுக்காரருக்குக் குரல் கொடுத்து மூடச் சொல்ல வேண்டும். படகை இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண். மேல்கதவுக் கசிவு பின்தளத்தில்தான் விழும், எனவே எஞ்சின் மேல்பலகை மூடியிருக்கட்டும்.

கீழே உடனே மூன்றடுக்கு ஒன்று. அதற்குக் கூட்டம் சேர்வதில்லை, கைவேலை அதே அளவுதான்.

அக்டோபர் 10 – சால்டேர்

தொழிலதிபர் டைட்டஸ் சால்ட்டின் 1853 ஆலையை ஒட்டிப் போகிறது கால்வாய். உலகப் பாரம்பரிய இடம், கட்டி நிற்க நல்ல கரை. மாலையில், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் நீரை அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்டின் கிரீஸ் திருகியை எதிர்ப்பு வரும் வரை திருப்பினால் போதும். ஓடும்போது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: இளஞ்சூடு சரி, தொட முடியாத சூடு என்றால் நட்டுகளை மிகையாக இறுக்கியிருக்கிறார்கள். சொட்டு அதிகமானால் இரண்டு நட்டையும் சமமாக, ஆறில் ஒரு சுற்று மட்டும்.

அக்டோபர் 11 – கிர்க்ஸ்டால்

நியூலே, ஃபோர்ஜ் என்று மூன்றடுக்குகள் வரிசையாக வருகின்றன. மதகுகளில் கைவிலங்குப் பூட்டு. அதற்கான தனிச்சாவியும் மதகைத் திருப்பும் கைப்பிடியான விண்ட்லஸும் சேர்ந்தே இடுப்பில் இருந்தால்தான் வேலை நடக்கும். கடந்த பின் எல்லா மதகுகளும் இறங்கியதா என்று திரும்பிப் பார்ப்பது அடுத்தவருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. ஒரு மதகு அரைகுறையாக நின்றால் மேலுள்ள பகுதி இரவோடு வடிந்து, அங்கே கட்டியிருக்கும் படகுகள் சேற்றில் சாயும்.

அக்டோபர் 12 – லீட்ஸ், கிரானரி வார்ஃப்

கடைசி லாக்குக்கு அப்பால் ஏர் நதி. நிறுத்தியதும் எண்ணெய் மாற்றம்: சூடான எண்ணெய்தான் கசடோடு முழுதாக வரும். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது தப்பான சிக்கனம். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலமும் கரியும் குளிர்காலம் முழுக்க பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். உறிஞ்சும் பம்ப், புது ஃபில்டர், புது எண்ணெய், ஐந்து நிமிட ஓட்டம், மறுபடி அளவுக்குச்சி.

அடுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். படகின் வெளித்தகட்டை ஒட்டிய தொட்டி வழியே குளிரும் எஞ்சினுக்கு நிறைய கூலண்ட் பிடிக்கும். பயணத்தில் வெறும் நீர் ஊற்றி ஊற்றி அது நீர்த்துப்போயிருக்கும். மீட்டரால் அளந்து பாதிக்குப் பாதி, உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸாக மீட்க வேண்டும்.

அக்டோபர் 13 – லீட்ஸ்

தண்ணீர். பம்பின் சுவிட்சை அணைத்து, வெந்நீர், தண்ணீர் இரண்டு குழாயையும் திறந்து, ஷவரையும் கீழே இறக்கி, வெந்நீர்த் தொட்டியின் வடிகாலைத் திறக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது ஷவர் கலப்பு வால்வு; அதற்குள் தேங்கும் சொட்டு உறைந்து பித்தளையைப் பிளக்கும். பம்பிலும் அதன் சல்லடையிலும் இருக்கும் நீரைக் கழற்றி ஊற்றிவிட வேண்டும். குழாய்கள் திறந்தே கிடக்கட்டும். முன்புறத்துப் பெரிய நீர்த்தொட்டிக்குப் பயமில்லை, உறைய நாளாகும்.

அடுப்புச் சாம்பலை முழுக்க அள்ளி, புகைக்குழாயைத் துலக்கி மூடினால்தான் இரும்பு தப்பும். ஈரச் சாம்பல் அரிக்கும். கேஸை உருளையிலேயே மூட வேண்டும். கழிப்பறைக் கேசட்டைக் காலி செய்து, கழுவி, உலர வைத்தாயிற்று.

பேட்டரி 12.7 வோல்ட்டில் நின்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. நிறைந்தது உறையாது, தீர்ந்தது உறைந்து விரிசல் விடும். படகின் அடியில் (பில்ஜ்) சேரும் நீரை இறைக்கும் பம்ப்பின் தானியங்கிச் சுவிட்ச் மட்டும் இணைப்பில் இருக்கட்டும், மற்றதெல்லாம் அணை.

கயிறுகளில் கொஞ்சம் தளர்வு, முன்னும் பின்னும் இழுக்காமலிருக்கக் குறுக்குக் கயிறு. நீர்மட்டம் இறங்கும்போது இறுக்கிய கயிறு படகைத் தொங்கவிடும், பக்கத்து வடிகால் துளை நீருக்குள் போனால் அங்கிருந்து நிரம்பும். மாதம் ஒருமுறை யாராவது வந்து பலகையைத் தூக்கி பில்ஜைப் பார்க்க வேண்டும். பெருமழைக்கும் உறைபனிக்கும் பிறகு கட்டாயம்.