உள்ளே அம்மாவையும் விட்டார்கள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுமே அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். மூத்தவள் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாள், இளையவன் திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

மூத்தவளுக்கு வலி வந்ததும் 108-ல் ஏற்றிப் போனார்கள். லேபர் வார்டு வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஆறு மணி நேரம் தனியாகக் கிடந்தேன். வந்தவர்கள் கைவிட்டுப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். கர்ப்பப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வலி தாங்காமல் கத்தியபோது ஒருவர் கேட்டதை எழுத எனக்கு மனம் வரவில்லை. வெட்டித் தையல் போட்டிருப்பதைக்கூட மறுநாள் பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். வெளியே, பிள்ளையைக் காட்டியவர் காசு கேட்க, அம்மா சுருக்குப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். ரத்தப்போக்கு மிஞ்சாமல் இருக்க ஊசி போட்டார்கள், இருவரும் நல்லபடியாக வீடு வந்தோம். ஆனாலும் அடுத்த பிள்ளை என்றாலே எனக்கு நடுக்கம்.

இரண்டாவது தடவை கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து, கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி நம்பர் போட்டுக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அதுதான் ஆதாரம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா கூட இருக்கலாமா?" பிரசவத்துக்கு ஒரு பெண் துணை உள்ளே இருக்கலாம் என்று தமிழக அரசு 2004-லேயே சொல்லிவிட்டதாம். அப்படியென்றால் அன்று என் அம்மா வாசலில் நின்றிருக்க வேண்டியதே இல்லை.

ஐப்பசி அடைமழையில் போய்ச் சேர்ந்தோம். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ராத்திரியில் டாக்டரும் இல்லை. முறைக்கு இருந்த சிஸ்டர்தான் எல்லாம் பார்த்தார். "இப்பப் பார்க்கப் போறேன்மா, கொஞ்சம் வலிக்கும், மூச்சை இழுத்து விடு" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். "நாலு சென்டிமீட்டர்தான், எழுந்து நட" என்றார். அம்மா இடுப்பைத் தேய்த்துவிட்டாள், வெந்நீர் கொடுத்தாள், நான் நடந்தேன். விடிவதற்குள் பையன் பிறந்துவிட்டான். கட்டடத்தை வைத்துப் பார்த்தால் டவுன் ஆஸ்பத்திரிதான் பெரியது. எனக்கு இதுதான் நல்ல ஆஸ்பத்திரி.

102 வண்டியில் காசில்லாமல் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் செவிலியர் பிள்ளையை எடை பார்க்க வந்தபோது, "எல்லாரும் நல்லபடியா நடத்துனாங்களாம்மா?" என்று கேட்டார். மூத்தவள் பிறந்தபோது யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் அவரிடம் மூத்தவள் பிறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.